சிறுவர் பூசல்

பள்ளியின் கால அட்டவணையில் கணக்குக்கு ஒரு பாடவேளை உண்டு. மொழிக்கு ஒன்று உண்டு. விளையாட்டுக்கும் ஒன்று உண்டு. சண்டைக்கென்று எந்தப் பாடவேளையும் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் தொடக்க வகுப்புகளில் அது எல்லாப் பாடவேளைகளிலும் நடைபெறுகிறது. ஒரு ரப்பருக்காக, சன்னலோரத்து இடத்துக்காக, குழாயடியில் முதலில் நிற்பதற்காக, ‘என்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை’ என்பதற்காகக் குழந்தைகள் பூசலிடுகிறார்கள். இந்தப் பூசலைக் குழந்தைகள் தாமே அமைதியாகத் தீர்த்துக்கொள்ளக் கற்பிக்க முடியுமா என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

‘நாங்கள் மாணவர்கள், ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டியதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைப் பருவத்தை விட்டு நீங்கள் வெளியே வந்து நெடுங்காலம் ஆகவில்லை. அந்தப் பூசல்களின் சூடு உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். இன்றே பெரும்பாலோர் வீட்டிலோ தெருவிலோ ஒரு தம்பிக்கு அண்ணனாகவோ ஒரு தங்கைக்கு அக்காளாகவோ இருக்கிறீர்கள். சிறுவர் சண்டைக்கு நடுவில் முதலில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம்.

பூசல் என்பது நோய் அன்று என்பதை முதலில் உணர வேண்டும். இரண்டு பேர் ஒரே பொருளை விரும்பினால் பூசல் பிறப்பது இயல்பு. பூசலே இல்லாத வகுப்பு ஒன்றைக் கண்டால் நான் மகிழ்வதில்லை. அங்கே அச்சம் ஆட்சி செய்கிறதோ என்றுதான் ஐயுறுவேன். மயானத்திலும் அமைதி உண்டு. நாம் வேண்டுவது அந்த அமைதி அன்று. பூசல் எழும்; எழுந்தபின் அது அடியில் முடிகிறதா, பேச்சில் முடிகிறதா என்பதுதான் கேள்வி.

பொதுவாகப் பெரியவர்கள் சிறுவர் பூசலை மூன்று வகையில் முடித்துவைக்கிறார்கள். ஒரு சிவப்பு வண்ணப் பென்சிலுக்காக இரண்டு குழந்தைகள் சண்டையிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வகை, தண்டனை. ‘இரண்டு பேரும் வெளியே நில்லுங்கள்’ என்று ஆணையிட்டுப் பென்சிலைப் பறித்து மேசைக்குள் போட்டுவிடுவது. வகுப்பு அடங்கிவிடும். ஆனால் அந்த இருவரும் கற்றது என்ன? வலிமை மிக்கவர் வந்தால் பொருள் அவரிடம் போய்விடும் என்பதைத்தான் கற்றார்கள். பென்சிலைப் பங்கிடக் கற்கவில்லை. ஆசிரியர் பாராத நேரம் பார்த்துச் சண்டையிடக் கற்றார்கள்.

இரண்டாவது வகை, தீர்ப்பு. ‘யார் முதலில் தொடங்கியது?’ என்று பெரியவர் நீதிபதியாகி விசாரிக்கிறார். இந்தக் கேள்விக்கு உண்மையான விடை கிடைப்பதே இல்லை. ஒருவன் பென்சிலை இழுத்ததிலிருந்து கதையைத் தொடங்குவான். மற்றவன் நேற்று மாலை நடந்ததிலிருந்து தொடங்குவான். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். யார் திறமையாகப் பேசுகிறாரோ, யார் முதலில் அழுகிறாரோ, யார் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்திருக்கிறாரோ அவர் பக்கம் தீர்ப்பு சாய்ந்துவிடும். தோற்றவன் மனத்தில் சண்டை முடிவதில்லை; அது வீட்டுக்குப் போகும் வழியில் தொடர்கிறது.

மூன்றாவது வகை மிகவும் இனிமையாகத் தோன்றுவது. ‘கைகொடுங்கள், ஸாரி சொல்லுங்கள்’ என்பது. குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். உள்ளத்தில் வருத்தம் இல்லாதபோது வருத்தத்தைச் சொல்லச் செய்வது பொய் பேசப் பழக்குவதாகும். மேலும், அந்தச் சொல்லால் பென்சில் யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லையே!

இந்த மூன்று வகையிலும் ஒரு பொதுக்குறை உண்டு. மூன்றிலும் சிந்திப்பவர் பெரியவர் ஒருவரே. பூசலுக்கு உரியவர்களான குழந்தைகள் சிந்திப்பதே இல்லை. நீச்சல் தெரிந்தவர் நாள்தோறும் குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டால் குழந்தை எப்போது நீந்தக் கற்கும்?

‘சிறு குழந்தைகளால் அவ்வாறு சிந்திக்க முடியுமா?’ என்பது நியாயமான ஐயம். இதைப் பற்றி உளநூலார் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டில் விம்மர், பெர்னர் என்னும் இரு ஆஸ்திரிய அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு சிறுவன் தன் சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அவன் தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த சிறுவன் எங்கே தேடுவான்? இக்கதையைப் பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டிக் குழந்தைகளைக் கேட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகள், சாக்லெட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரிந்திராது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. நான்கு, ஐந்து வயதை எட்டும்போதுதான், பிறர் மனம் நம் மனத்தினின்று வேறு என்னும் அறிவு மெல்ல முளைக்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின.

ஆகவே, மூன்று வயதுக் குழந்தை பிறர் பொருளைப் பிடுங்கினால் அதைத் தீய குணம் என்று சொல்வது பொருந்தாது. மற்றக் குழந்தையின் உள்ளத்தைக் காணும் கண் அதற்கு இன்னும் திறக்கவில்லை. ஐந்து, ஆறு வயதில் அந்தக் கண் திறக்கிறது. அப்போது தொடங்கும் தொடக்கப் பள்ளியே இப்பயிற்சிக்கு ஏற்ற இடம். சினத்தை அடக்கி ஆளும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. எனவே இது ஒரு நாள் போதனையால் முடிவதன்று. நாள்தோறும் பழக வேண்டியது.

குழந்தைகள் வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதும் இல்லை. நம் தமிழ்ச் சிறுவரிடம் வழிவழியாக வந்த சில ஏற்பாடுகள் உள்ளன. யார் முதலில் ஆடுவது என்ற வழக்குக்குச் ‘சாட் பூட் திரீ’ போட்டு முடிவு காண்கிறார்கள்; அல்லது ‘ஒற்றையா இரட்டையா’ பிடிக்கிறார்கள். விதியை மீறுபவனை ‘அழுகுணி’ என்று கூறி ஆட்டம் நிறுத்துகிறார்கள். உறவை முறிக்க ஒரு குறி உண்டு, அது ‘கா’. மீண்டும் சேர ஒரு குறி உண்டு, அது ‘பழம்’. இவற்றை எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. உறவு முறிந்ததை வெளிப்படையாகச் சொல்லவும், முறிந்தபின் மானம் இழக்காமல் திரும்பிவரவும் ஒரு வழி வேண்டும் என்பதைச் சிறுவர் சமுதாயம் அறிந்திருக்கிறது. பெரியவர்களாகிய நம்முள் எத்தனை குடும்பங்கள் ‘பழம்’ விடும் வழி தெரியாமல் பத்தாண்டுகள் பேசாமல் இருக்கின்றன!

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து கோலி விளையாட்டைப் பற்றி வினவினார். 1932-இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த ஆராய்ச்சியைக் கூறுகிறது. சின்னஞ்சிறுவர் ஆட்ட விதிகளைப் பெரியவர் வகுத்த மாற்ற முடியாத கட்டளைகளாக எண்ணினார்கள். சற்று வளர்ந்த சிறுவர்களோ, ஆடுபவர் எல்லாரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றார்கள். நீதியுணர்வு பெரியவர் போதனையால் மட்டும் வளர்வதன்று; ஒத்தவர்கள் கூடி ஆடி, பூசலிட்டு, உடன்பாடு காணும்போதும் வளர்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இந்தத் துறையில் நினைக்கத்தக்க இரு பெரியோர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு சனவரியில் ரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். அவருடைய முறையில் ஒரு நுட்பம் உண்டு. வகுப்பில் ஒவ்வொரு கல்விக் கருவியும் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்படும். பணம் இல்லாமையால் அன்று. வேண்டுமென்றே அவ்வாறு செய்தார். ஒரு குழந்தை கருவியை எடுத்துச் சென்றால், அதை விரும்பும் மற்றக் குழந்தை காத்திருக்க வேண்டும். முதல் குழந்தை வேலையை முடித்ததும் அதை இருந்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் பூசல் குறையும். ஆனால் பொறுமையும் பிறர் வேலையை மதிக்கும் பண்பும் கற்கும் வாய்ப்பும் போய்விடும் என்பது அவர் கருத்து.

அம்மையாருக்குப் போர் என்பது ஏட்டில் படித்த செய்தியாக இருக்கவில்லை. 1930-களில் முசோலினி ஆட்சி இத்தாலியில் அவருடைய பள்ளிகளை மூடிவிட்டது. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், அவரும் அவர் மகனும் பகைநாட்டவராகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார்கள். போர்க்காலத்தில் சில ஆண்டுகளை அவர் கோடைக்கானலில் கழித்தார். 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். 1930-களில் ஐரோப்பிய நகரங்களில் அவர் ஆற்றிய உரைகளில் வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு. போரைத் தள்ளிப்போடுவது அரசியலின் வேலை. நிலையான அமைதியைக் கட்டுவது கல்வியின் வேலை என்பதே அது.

இரண்டாமவர் போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். 1912-இல் வார்சா நகரில் யூத அனாதைக் குழந்தைகளுக்காக அமைந்த இல்லத்தின் தலைவர் ஆனார். அங்கே அவர் ஒரு நீதிமன்றம் ஏற்படுத்தினார். அதன் நீதிபதிகள் குழந்தைகளே. அந்த வாரத்தில் தம்மீது வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அடித்தவன்மீதும் ஏசியவன்மீதும் எந்தக் குழந்தையும் வழக்குத் தொடுக்கலாம். ஆசிரியர்மீதும் தொடுக்கலாம்.

அந்த நீதிமன்றத்தின் சட்டத்தொகுப்பு வியப்புக்குரியது. அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பைப் பற்றியவை. தெரியாமல் செய்தான், விளையாட்டாகச் செய்தான், வருந்துகிறான் என்று பல காரணங்களால் மன்னிக்கும் பிரிவுகள் அவை. நூறாவது பிரிவில்தான், ‘குற்றம் செய்தது உண்மை’ என்று நீதிமன்றம் சொல்லத் தொடங்குகிறது. பிறகு இருநூறு, முந்நூறு என்று படிப்படியாகக் கடுமை கூடி, ஆயிரமாவது பிரிவில் இல்லத்தை விட்டு நீக்குதலில் முடிகிறது.

கோர்ச்சாக் தாமே அரை ஆண்டுக்குள் ஐந்து முறை அந்த நீதிமன்றத்தின்முன் நின்றிருக்கிறார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்ததற்காக ஒரு முறை. ஒரு சிறுமிமீது திருட்டு ஐயம் கொண்டதற்காக ஒரு முறை. குழந்தைகள் தீர விசாரித்து அவரை மன்னித்தார்கள். ‘பெரியவருக்கு ஒரு நீதி, சிறியவருக்கு ஒரு நீதி’ என்று இருக்குமானால் குழந்தை நீதியைக் கற்காது. வளர்ந்து பெரியவனாகும் நாளுக்காகக் காத்திருக்கவே கற்கும். கோர்ச்சாக் இதை உணர்ந்திருந்தார்.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாஜிப் படையினர் அந்த இல்லத்துக் குழந்தைகள் சுமார் 200 பேரை டிரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசென்றனர். தாம் மட்டும் தப்பிக்க வாய்ப்புக் கிடைத்தும் கோர்ச்சாக் அதை ஏற்கவில்லை. குழந்தைகளோடும் தம் உடன் பணியாளர்களோடும் சென்று அங்கே மாண்டார். ‘அமைதியைக் கற்பித்தவரை அமைதி காப்பாற்றவில்லையே’ என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழந்தைகளைக் கொன்றவர்களும் ஒரு காலத்தில் வகுப்பறைகளில் அமர்ந்திருந்தவர்கள்தாம். அவர்கள் அங்கே கீழ்ப்படியக் கற்றிருந்தார்கள். எதிரே நிற்பவனின் உள்ளத்தைக் காணக் கற்கவில்லை. இந்தப் பாடம் விளையாட்டுக்கு உரியதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். நான் பல ஆண்டுகள் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அங்கே கையாண்ட முறையைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் இரு சிறுவர்கள். இருவருக்கும் வயது ஏழு. வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்கு எடுத்துச் செல்லும் பெருமை தனக்கே வேண்டும் என்று இருவரும் அதைப் பிடித்து இழுத்தார்கள். அட்டை கிழியும் நிலை.

முதல் வேலை, கைகளை நிறுத்துவது. பதிவேட்டை என் கையில் வாங்கிக்கொண்டு, ‘இது இப்போது என்னிடம் இருக்கட்டும், நீங்கள் பேசி முடித்ததும் தருகிறேன்’ என்றேன். இது பறிமுதல் அன்று என்பது அவர்களுக்கு விளங்க வேண்டும். பிறகு தரையில் அவர்களுக்கு எதிரே அமர்ந்தேன். நின்றுகொண்டு குனிந்து பேசும் பெரியவர் என்ன பேசினாலும் அது குழந்தைக்கு அதட்டலாகவே கேட்கும்.

இரண்டாவது வேலை, ஒருவர் பேச மற்றவர் கேட்பது. கேட்டவர், தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“டீச்சர், நேத்தும் அவன்தான் கொண்டுபோனான்.”

“அவன் என்ன சொன்னான், நீ சொல்லு.”

“நேத்தும் நான்தான் கொண்டுபோனேனாம். ஆனா, டீச்சர்...”

“ஆனாலை அப்புறம் சொல்லலாம். அவன் சொன்னது அவ்வளவுதானா?”

“அவனுக்கு அழுகை வருதாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் முதற்சிறுவன் சொன்னதன்று. அவன் முகத்தைப் பார்த்து மற்றவன் தானே கண்டு சொன்னது. திருப்பிச் சொல்வதற்காக உற்றுக் கேட்டவன், கேளாததையும் கண்டுகொண்டான். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வேலை, வழியைக் கேட்பது. ‘இப்போது என்ன செய்யலாம்?’ என்று கேட்டுவிட்டுப் பெரியவர் வாய்மூடி இருக்க வேண்டும். இது கடினமான வேலை. என் மனத்தில் ஒரு தீர்வு ஆயத்தமாக இருந்தது: ‘இன்று நீ, நாளை அவன்.’ அதை நான் சொல்லவில்லை. சிறிது நேரம் இருவரும் கால்விரலைத் தேய்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒருவன், “போகும்போது நான், வரும்போது அவன்” என்றான். பதிவேடு தலைமையாசிரியரின் கையெழுத்தைப் பெற்றுத் திரும்பி வர வேண்டியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருவரும் ஓடினார்கள்.

எண்ணிப் பார்த்தால், என் தீர்வைவிட அவர்கள் தீர்வே சிறந்தது. ஏழு வயதில் ‘நாளை’ என்பது மிக நெடிய காலம். அதை நான் மறந்திருக்கலாம், அவர்கள் மறக்கவில்லை. அவர்களே கண்ட வழி ஆதலால் அதை மீறவும் இல்லை. மறு வாரம் நான் விசாரித்தபோதும் அதுவே நடந்துகொண்டிருந்தது. இவ்வாறு பின்னர் ஒரு நாள் விசாரிப்பது நான்காவது வேலை. வழி பயன்படவில்லையானால் குழந்தைகள் மீண்டும் அமர்ந்து வேறு வழி காண்பார்கள்.

நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர் சிலர் கேட்பதுண்டு. தொடக்கத்தில் நேரம் செல்லத்தான் செய்கிறது. ஆனால் இரண்டொரு மாதங்களில் குழந்தைகள் முறையைப் பழகிக்கொண்டு தாமே மூலையில் அமர்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சில பள்ளிகளில் இதற்கென்றே ஒரு பாயோ சிறு மேசையோ போட்டு வைக்கிறார்கள். தீராத சண்டைகளை அடக்குவதில் செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிக்கனமே.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். பூசல் வேறு, கொடுமை வேறு. ஒத்த வலிமை உடைய இருவர் மோதுவது பூசல். வலியவன் மெலியவனை, பலர் ஒருவனை நாள்தோறும் துன்புறுத்துவது கொடுமை. பூசலில் சமரசம் பேசலாம். கொடுமையில் சமரசம் பேசுவது கொடியவனுக்குத் துணைபோவதாகும். ‘நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு’ என்று அடிபட்டவனிடம் சொல்வது நீதி அன்று. அங்கே பெரியவர் குறுக்கிட்டு மெலியவனைக் காக்க வேண்டும். நார்வே நாட்டில் 1982-ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். உடன் பயின்றவர் இழைத்த கொடுமையே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. அந்நாடு விழித்துக்கொண்டு 1983-இல் ஒல்வேயுஸ் என்னும் அறிஞரின் உதவியோடு பள்ளிகள்தோறும் இக்கொடுமையைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டிலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சாதிப் பகையால் பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் தமிழ்நாட்டு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது; 2024 சூனில் அவர் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அறுப்பது வேண்டிய செயலே. ஆனால் ஆறு வயதில் எதிரே அமர்ந்தவன் முகத்தைப் பார்க்கப் பழகாத கண், பதினாறு வயதில் கையில் கட்டிய கயிற்றைத்தான் பார்க்கும். ஆகவே வேலை ஆறு வயதில் தொடங்க வேண்டும்.

பிளவுபட்ட கூட்டங்களை எப்படிச் சேர்ப்பது? 1954-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஏறக்குறைய பதினோரு வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரு கூட்டமாகப் பிரித்துக் காட்டு முகாமில் தங்க வைத்தார். கழுகுக் கூட்டம், பாம்புக் கூட்டம் என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டார்கள். பரிசுக்காகப் போட்டிகள் நடத்தியதும் பகை மூண்டது. ஒரு கூட்டத்தார் கொடியை மற்றவர் எரித்தார்கள். குடில்களுள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு இரு கூட்டத்தாரையும் ஒரே இடத்தில் உண்ண வைத்தும் படம் பார்க்க வைத்தும் பயன் இல்லை. உணவை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். அடுத்து முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோயிற்று. எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் காண முடியும் என்ற நிலை. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. கயிறு கட்டி எல்லாரும் இழுத்தார்கள். முன்பு இரு கூட்டத்தாரும் எதிர் எதிராக நின்று இழுத்த அதே வடக்கயிறுதான் அது! இப்போது ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். பகை சிறிது சிறிதாகத் தணிந்தது.

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். பகையை வளர்த்ததும் தண்ணீரை நிறுத்தியதும் ஆராய்ச்சியாளர்களே. சிறுவர்களுக்கு அது தெரியாது. இன்றைய ஆய்வறம் அதை ஒப்பாது. ஆயினும் அது தரும் பாடம் நமக்குப் பயன்படும். அருகருகே உட்கார வைப்பதால் மட்டும் ஒற்றுமை வருவதில்லை. ஒருவர் இன்றி மற்றவரால் முடியாத வேலையைச் சேர்ந்து செய்யும்போதே வருகிறது. பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாடகம் போடுவது, சுவரில் ஒரு பெரிய படம் வரைவது முதலியவற்றில் குழந்தைகளைக் கலந்து விட வேண்டும். யார் யாரோடு சேர்வது என்பதைக் குழந்தைகளின் விருப்பத்துக்கே விட்டால் பழைய கூட்டங்களே மீண்டும் கூடும். ஆசிரியர் கருத்தோடு கலக்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் பிரம்பை எடுத்துவிட்ட இடம் வெறுமையாக இருந்தால், அங்கே மீண்டும் பிரம்பு வந்து சேரும். அல்லது பிரம்பைவிடக் கூரிய சொல் வந்து சேரும். அந்த இடத்தை ஒரு திறமையால் நிரப்ப வேண்டும். அந்தத் திறமையைத்தான் இதுவரை பேசினோம்.

மாணவ நண்பர்களே! இன்று மாலை உங்கள் தெருவில் இரு சிறுவர்கள் மட்டைக்கும் பந்துக்குமாகச் சண்டையிடுவதை நீங்கள் காணக்கூடும். ‘அவுட்’ என்பான் ஒருவன். ‘இல்லை’ என்பான் மற்றவன். உங்கள் உயரமும் குரலும் அவர்களை ஒரு நொடியில் அடக்கிவிடும். அடக்காதீர்கள். அருகே உட்காருங்கள். ஒருவன் சொன்னதை மற்றவனைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சிறிது காத்திருங்கள். அவர்கள் கண்ட வழி உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றாவிட்டாலும், இருவரும் மனமார ஒப்பினால் அதையே நடக்க விடுங்கள்.

சட்டமன்றங்களிலும் நாடுகளின் அவைகளிலும் நாளை அமரப்போகிறவர்கள் இன்று நம் தெருக்களில் ‘அவுட்டா இல்லையா’ என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தை அடியின்றி முடிக்க அவர்கள் பழகிக்கொண்டால், பெரிய வாதங்கள் வரும் நாளில் அந்தப் பழக்கம் அவர்களுக்குத் துணை நிற்கும்.